புதுத் தண்ணி

ஞாயிறு, காலை

கொளத்தூரில் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தெருவெல்லாம் ஈரம். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய கவர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர், அதற்குள் இமைக்காத கண்கள். ஐந்து முத்துக் குராமிகள் வாங்கினேன். கடைத் தம்பி வலையை எடுக்கவில்லை. ஒரு டப்பாவை நீருக்குள் மெல்லச் சாய்த்துப் பிடித்து, மீன் தானாக உள்ளே வரும்வரை காத்திருந்தான். அவனிடமே வாங்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கவசம். வலை உரசினால் முதலில் போவது அது.

"அரை மணி நேரம் கவரோட மிதக்க விடுங்கண்ணா. அப்புறம் விட்டுடுங்க. செட் ஆயிடும்."

மீன் வளர்ப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை இது. தண்ணீர் செட் ஆகவேண்டும், ஃபில்டர் செட் ஆகவேண்டும், மீன் செட் ஆகவேண்டும். சொல்லிவிட்டு எல்லோரும் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் என்ன நடக்கிறது என்பதை இந்தத் தடவை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கவரைத் துணிப்பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். இருட்டில் மீன் கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

ஞாயிறு, பகல்

கவர் மிதந்துகொண்டிருக்கிறது. கூடத்துப் பெரிய தொட்டியில் இல்லை, அடுக்களை வாசலில் வைத்திருக்கும் 30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில். பெரிய தொட்டிக்கு ஐந்து வயது. மூன்றடி நீளம், சுமார் 150 லிட்டர். இரண்டு ஏஞ்சல்கள், ஆறு ரம்மிநோஸ் டெட்ராக்கள், மணலைக் கிளறியபடியே திரியும் ஐந்து கோரிகள். அங்கே போகும் முன் புதியவை மூன்று வாரம் இந்த டப்பில் இருக்கும்.

மிதக்கவிடுவது சூட்டைச் சமன்செய்வதற்கு. மீனுக்கென்று தனியாக உடம்புச் சூடு கிடையாது. இருக்கும் நீரின் சூடே அதன் சூடு. கவரில் 27 டிகிரி, டப்பில் 28. இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். மற்ற வேறுபாடு அவ்வளவு சீக்கிரம் தீராது. போன வாரமே, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கடைத் தொட்டியில் நனைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்: 310. என் தொட்டியில் போர்த் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் கலந்திருக்கிறது: 540. கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். அதன் உடம்புக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு. அதனால் செவுள் வழியாக நீர் தானே உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் இரவும் பகலும் அதை வெளியேற்றும். கூடவே கழியும் உப்பைச் செவுள்கள் நீரிலிருந்து மறுபடி இழுத்துப் பிடிக்கும். பிறந்ததிலிருந்து ஒரு தண்ணீருக்குப் பழகிய இந்தக் கணக்கை ஒரு மதியத்தில் மாற்றச் சொன்னால் உடம்பு என்ன செய்யும்? அதனால் டப்பின் நீரை ஆர்ஓ கலந்து 320-க்கு இறக்கிவைத்திருக்கிறேன். வந்தவர்களுக்காக முதலில் தண்ணீர் கொஞ்சம் மாறிக்கொள்ளட்டும்.

கவரைப் பிரித்தபின் தாமதிக்கவில்லை. மூடிய கவருக்குள் மீன் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து நீர் சற்றுப் புளித்துவிடும். அதே நீரில் மீனின் கழிவான அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் புளித்த நீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் தீங்கு செய்யாத உருவில் கிடக்கும். கவரைத் திறந்ததும் கரியமில வாயு பறந்துவிடுகிறது. நீரின் புளிப்பு குறைந்து பிஎச் ஏறுகிறது. ஒரு பிஎச் ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். நெடுந்தூரம் பயணம் செய்து வந்த மீனை, கவரைத் திறந்துவைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பழக்குகிறேன் என்று இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது அதனால்தான் ஆபத்து. நல்ல எண்ணத்தில் செய்கிற கெடுதல் அது. நான் செய்திருக்கிறேன்.

மீன்களை ஒவ்வொன்றாகக் குவளையில் ஏந்தி டப்புக்குள் விட்டேன். கவர்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

ஞாயிறு, இரவு

விளக்குப் போடவில்லை. டப்பின் மூன்று பக்கமும் தினத்தாள் சுற்றியிருக்கிறது. ஐந்தும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மேலெல்லாம் வெளுத்து, முத்துப் புள்ளிகள் எங்கே போயின என்று தெரியாமல் நிற்கின்றன.

"ஏன்யா, அதுக்கு ஒண்ணும் போடலையா?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு வேண்டாம்மா. நாளைக்குக் கொஞ்சம்."

"அதுவும் சரிதான். புதுத் தண்ணிலா. ஒத்துக்கிடணும்."

அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பா போனபின் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்தோம். வரும்போது இரண்டு ஐந்து லிட்டர் கேன்களில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். இங்கத்திய கேன் தண்ணீரில் ஒரு டம்ளருக்குக் கால் டம்ளர் அதைக் கலந்து குடித்துவந்தாள். கடைசியில் மிச்சமிருந்ததில் ஒரு நாள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்

இந்த மூன்று வாரக் கட்டுப்பாடு எனக்கு இலவசமாக வரவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு கடையிலிருந்து கொண்டுவந்த மீன்களை அன்றைக்கே பெரிய தொட்டியில் விட்டேன். பார்க்கத் துப்புரவாக இருந்தன. நாலாம் நாள் ஒன்றின் வாலில் ரவை தூவியது போல இரண்டு புள்ளி. பத்து நாளில் பதினோரு மீன் போயிற்று. அவற்றில் முக்கால்வாசி, அந்தத் தொட்டியில் முன்பிருந்தே வாழ்ந்துகொண்டிருந்த பழைய மீன்கள்.

வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் தின்று வளரும்போதுதான் நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. வளர்ந்ததும் உதிர்ந்து, மணலில் ஒட்டி, கூடு கட்டிப் பல நூறாகப் பிரிகிறது. பிரிந்தவை நீந்திப்போய் இரண்டொரு நாளில் இன்னொரு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்து பலிப்பது அந்த நீந்தும் பருவத்தில் மட்டும். நம் ஊர் வெயிலில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் முதல் நாள் துப்புரவாக இருக்கும் மீன் எதையும் சொல்வதில்லை. மூன்று வாரம் துப்புரவாக இருந்தால்தான் அது ஒரு சேதி.

டப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியின் பின்மூலையில் ஒரு வருடமாகக் கிடந்தது. ஒன்றை எப்போதும் அங்கே போட்டுவைத்திருப்பேன். பழுப்பேறி, பிழிந்தால் சேறு போல வரும் அந்தத் துண்டுக்குள்தான் தொட்டியின் ஐந்து வருடமும் இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைப் பிரித்துக் காட்டியதிலிருந்து, இது இரண்டு பேர் பங்குபோட்டுச் செய்யும் வேலை என்றே நூறு வருடத்துக்கு மேல் நம்பப்பட்டது. 2015-இல் இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்வதைக் கண்டார்கள். கண்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி. நம் காலடியில் ஓடும் அழுக்கு ஸ்பாஞ்ச் போன்ற ஓர் இடம். இதை முதன்முதலாகப் படித்த அன்று எழுந்துபோய் அந்தப் பஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாய்த் தண்ணீரில் அதை அலசவே கூடாது. குளோரின் அந்த ஊரையே காலிசெய்துவிடக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெதுவாக இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

புதன்

காலையில் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. காயம் இல்லை, புள்ளி இல்லை. அம்மோனியா பரிசோதித்தேன், பூஜ்யம். ஐந்தில் சிறியது அது. ஏன் என்று தெரியவில்லை.

அம்மா அதை ஒரு வாழையிலை நறுக்கில் வாங்கிக்கொண்டுபோய் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறிப் புதைத்தாள். "நாலு" என்றாள் உள்ளே வரும்போது. அன்றிலிருந்து தினமும் எண்ணுகிறாள்.

ஆறாம் நாள்

முந்தாநாள் தெருமுனை வாதாம் மரத்தடியில் காய்ந்து சிவந்து விழுந்த இலைகளாகப் பார்த்து நாலைந்து பொறுக்கி வந்தேன். கழுவி, ஒன்றை மட்டும் டப்பில் போட்டேன். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வது இது. இரண்டு நாளில் நீர் இளம் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது.

முத்துக் குராமியின் பூர்வீகம் மலாய் தீபகற்பமும் சுமத்ராவும் போர்னியோவும். அங்கே கரிச்சேறு நிறைந்த சதுப்புக் காடுகளில், இலை ஊறிக் கருத்த நீரில் அது வாழ்கிறது. பட்டாவியாவில் டச்சுப் படையின் மருத்துவராக இருந்த பிளீக்கர் 1852-இல் இதற்குப் பெயர் வைத்து எழுதினார். என் நான்கும் அந்தக் காட்டை அறியா. இங்கே செங்குன்றம் பக்கத்தில் ஏதோ சிமெண்ட் தொட்டியில் பிறந்திருக்கும். ஆனாலும் நீர் பழுப்பேறிய மாலை, ஸ்பாஞ்சின் பின்னாலிருந்து முதலில் ஒன்று வெளியே வந்தது. நிழலும் இருட்டும் ஏறிய நீர் அவற்றுக்கு மறைவு கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். வெளியே வந்தது, நான் பார்த்தேன்.

பத்தாம் நாள்

இன்று ஒரு மணி நேரம் மூச்சை எண்ணினேன்.

குராமிக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஒரு சிக்கலான அறை இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் மீன் இது. அதனால் டப்பு விளிம்பிலிருந்து நாலு விரல் குறைத்தே நீர் நிரப்பி, மேலே மூடி போட்டிருக்கிறேன். மூடிக்கும் நீருக்கும் நடுவே தங்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

முதல் நாட்களில் இந்த மூச்சு திருட்டு மூச்சாக இருந்தது. அடியில் அசையாமல் நிற்கும். பிறகு அம்பு போல ஒரே பாய்ச்சலாக மேலே, ஒரு வாய்க் காற்று, அதே வேகத்தில் கீழே. மேலே போவதுதான் அதற்கு அபாயமான நேரம். கொக்கோ மீன்கொத்தியோ பார்த்திருக்கும் இடம் அது. உயிர் வாழவும் அங்கேதான் போயாக வேண்டும்.

இன்று அந்தப் பாய்ச்சல் இல்லை. சாய்ந்தவாக்கில் மெதுவாக ஏறி, உதட்டால் நீர்த்தோலைத் தொட்டு, ஒரு சிறு குமிழியை விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கின. பெரும்பாலும் ஒன்று ஏறினால் மற்ற மூன்றும் பின்னாலேயே ஏறின. காற்றை விழுங்கும் மீன்கள் இப்படிக் கூட்டாக மேலே வருவதை 1976-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தனியாகப் போகிறவனைப் பிடிப்பது எளிது. நாலு பேர் ஒன்றாகப் போனால் பறவைக்கும் குழப்பம்.

நாள் விட்டு நாள் டப்பிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்துவிட்டு, பெரிய தொட்டியின் நீர் ஐந்து லிட்டர் ஊற்றுகிறேன். பெரிய தொட்டி நீர் இங்கே வரும், இங்கத்தியது அங்கே போகாது. மீட்டர் இன்று 450 காட்டுகிறது. வேறெதுவும் செய்யவில்லை. சும்மா இருக்கவேண்டிய இடத்தில் சும்மா இருப்பதற்குத்தான் எனக்கு இத்தனை வருடப் பழக்கம் தேவைப்பட்டது.

இருபத்திரண்டாம் நாள்

டப்பில் 510. புள்ளி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, நான்கும் விரலருகே வந்து தின்கின்றன. இன்று மாலை மாற்றினேன்.

காலையிலேயே பெரிய தொட்டிக்குள் கையை விட்டு, இடது பக்க மரவேரை எடுத்து நடுவுக்குக் கொண்டுபோனேன். இரண்டு கல்லை இடம் மாற்றினேன். பெரிய ஏஞ்சலுக்கு அந்த இடது மூலை சொந்தம். வேரின் நிழல் எங்கே விழுகிறதோ அதுவரை அதன் எல்லை, அதைத் தாண்டி எதையும் வரவிடாது. எல்லைக்கல் நகர்ந்துவிட்டால் பழையவர்களும் அன்றைக்குப் புதியவர்களாகிவிடுவார்கள். மாலை ஆறு மணிக்குப் பழைய மீன்களுக்கு வயிறு நிறையப் போட்டேன். விளக்கை அணைத்தேன். கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டு, அடுக்களை வெளிச்சத்தில், குவளை குவளையாக நான்கையும் கொண்டுபோய், நீருக்குள் குவளையைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தேன். கடைசி மீன் வெளியே வர நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை

விளக்குப் போடாமல் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் என் கண்ணில் பட்டவை ரம்மிநோஸ்கள். அவற்றின் தலையிலிருக்கும் ரத்தச் சிவப்பை வைத்தே தொட்டியின் நலத்தைச் சொல்லிவிடலாம். நீர் கெட்டாலோ பயந்தாலோ அது வெளுக்கும். இன்று ஆறும் வெளுத்திருந்தன. விளக்கில்லாத காலையில் கொஞ்சம் மங்கித்தான் இருக்கும் என்று ஒன்பது மணிவரை பார்த்தேன், அப்போதும் இளஞ்சிவப்புக்கு மேல் ஏறவில்லை. வந்தவர்களைப் பற்றியே மூன்று வாரம் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைத்தது. வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் இது புதுத் தண்ணிதான்.

பெரிய ஏஞ்சல், வேர் இல்லாத இடது மூலையில் நின்று கறுப்புப் பட்டைகள் தடிக்க, செவுள்மூடிகளை விரித்துக் காட்டியது. ஒரு குராமியை இரண்டு முறை துரத்தியது. துரத்தலின் நீளத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு சாண் ஓடிவந்து நின்றுவிட்டால் அது பேச்சு. மூலை வரை போய், செடிக்குள் நுழைந்து, மறுபடி மறுபடி கொத்தினால் பிரித்தாக வேண்டும். இது ஒரு சாணில் நின்றது. நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

மூன்றாம் காலை

குராமியின் வயிற்றடித் துடுப்பு இரண்டும் துடுப்பாக இல்லை, நூலாக நீண்டிருக்கின்றன. உடம்பின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அவற்றை முன்னால் நீட்டலாம், பக்கத்தில் விரிக்கலாம், ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் தனித்தனியாக அசைக்கலாம். தொடுவதும் சுவைப்பதும் ஒன்றாக நடக்கும் விரல்கள் அவை. இந்த மூன்று நாளாக நான்கும் தொட்டியைத் தடவிக்கொண்டிருக்கின்றன. முதலில் கண்ணாடி, ஒரே இடத்தை நாலு முறை. பிறகு மரவேரின் அடிப்பகுதி, அதில் படிந்த பாசி. பிறகு ஜாவா ஃபெர்ன் இலையின் பின்புறம். ஃபில்டர் நீர் விழும் இடத்துக்குப் போய், நூல்கள் பின்னுக்கு வளைய, திரும்பி வந்துவிட்டது ஒன்று. அந்தப் பக்கம் அது மறுபடி போகவில்லை. கண் தெரியாதவர் புது வீட்டுச் சுவரைத் தடவி அறை அறையாகப் போவதுபோல.

இன்று சின்ன ஏஞ்சல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு குராமி எதிரே வந்து, ஒரு விரற்கடை தூரத்தில் நின்று, வலது நூலை மட்டும் நீட்டியது. ஏஞ்சலின் விலாவில், இரண்டாம் பட்டை முடியும் இடத்தில் நுனி பட்டது. எடுத்தது. மறுபடி தொட்டது. ஏஞ்சல் நகரவில்லை. பிறகு இரண்டும் வேறு வேறு பக்கம் போயின.

அம்மா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தடவிப் பாக்கு" என்றாள் மெல்ல.

ஒன்பதாம் இரவு

ரம்மிநோஸ்களின் சிவப்பு முந்தாநாளே திரும்பிவிட்டது. பெரிய ஏஞ்சல் நடுவிலிருக்கும் வேரின் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. இடது மூலையைக் கோரிகள் மேய்கின்றன. டப்பைக் கழுவி மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தேன். ஒரு புதுப் பஞ்சைப் பெரிய தொட்டியின் பின்மூலையில் போட்டிருக்கிறேன்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க அம்மா எழுந்து வந்தாள். கூடம் இருட்டு. தெருவிளக்கின் வெளிச்சம் தொட்டியின் மேல்பகுதியில் மட்டும் கிடந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கோரிகளும் இடையிடையே மேலே வந்து காற்று விழுங்கும். மணலிலிருந்து ஒன்று விருட்டென்று ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. வெளிச்சம் படும் இடத்தில் நீர்த்தோல் இரண்டு முறை சுருங்கி விரிந்தது. அது அடங்கும் முன்பே, நடுவேரின் நிழலிலிருந்து குராமிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், நூல்களை முன்னால் நீட்டிக்கொண்டு மேலே வந்தன.

அம்மா உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு டம்ளரில் இருந்ததைக் குடித்தாள்.